தீர்க்காத அபராதம்

வலைப்பாட்டில் காற்று விழுந்த மாதம்.
விடியப்புறம் மூன்று மணிக்கே
நண்டுக் கொம்பனிக்கு அவித்த கூடைகள் வந்துவிடும்.
ஓடு உடைத்து, சதை எடுத்து,
கிலோவுக்கு எழுதுகிற காசில் என் சீவியம்.
ஞாயிறு மட்டும் லீவு.
தேசிக்காய்ப் பாதியால் கையைத் தேய்ப்பேன்.
மணம் போகாது.
அந்தக் கையோடுதான் பூசைக்கு.

எனக்கு முன்னால் மூன்று வாங்கு தள்ளி
கில்பேட்.
வலது பக்கச் சட்டைக் கையை மடித்து
ஊசி குத்தியிருப்பான்.
ரெண்டாயிரத்து எட்டில் அங்கே ஒரு கை இருந்தது,
கையில் ஒரு நீலக் கொப்பி.
வீட்டுக்கு ஒராள் என்று
எங்கள் படலையில் நின்று வாசித்தான்.
மெற்றில்டா, வயது பதினேழு.
‘ற்’ விட்டு எழுதியிருந்தான்.
பேனாவை வாங்கித் திருத்திக் கொடுத்தது
நான்தான்.

விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே என்று
எல்லாரோடும் எழும்பி நிற்பேன்.
உணவு மட்டும் குரல் வரும்.
அடுத்த வரிக்கு வாய் தானாக மூடும்,
கொதியிலும் திறவாத மட்டி மாதிரி.
எங்களுக்குத் தீமை செய்தவர்களை என்று
கோயில் முழுக்கச் சொல்லும்போது
நான் கூரைத் தகரத்தில் ஆணி எண்ணுவேன்.
ஏழாம் ஆணியில் அது முடியும்.
பிறகு சேர்ந்துகொள்வேன்.

பாவசங்கீர்த்தனத்தில் ஒருக்கால் சொன்னேன்:
“சுவாமி, அந்த வரி எனக்கு வராது.
வந்தால் பொய்யாய் வரும்.”
புதுச் சுவாமி, முருங்கன் பக்கத்துப் பெடியன்,
கனநேரம் பேசவில்லை.
வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை
உதைத்து உதைத்துப் பார்க்கிறான், எடுபடவில்லை.
கடைசியில், பழக்கத்தில் போல,
“அபராதமாக ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கோ” என்றார்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
பலகைக்கு அந்தப் பக்கம் அவரும் இருமினார்.
ஆறு வருசம். இன்னும் தீர்க்கவில்லை.

தங்கச்சி கேட்பாள்,
“உந்தக் கோயிலை விட்டால் என்ன?
எங்கட சபைக்கு வா அக்கா,
பாட்டு இருக்கு, வாய்விட்டு அழலாம்.”
எங்கே போக?
என் வழக்கு பீடத்துக்கு மேல் தொங்குகிறவரோடு.
ஆணி அடித்தவனுக்காக மன்றாடிவிட்டு
அவர் மூன்றாம் நாள் எழும்பிவிட்டார்.
மெற்றில்டாவுக்கு ஐயாயிரம் நாள் தாண்டிவிட்டது.
இதை முகத்துக்கு நேரே கேட்க
எனக்கு வேறு வீடு இல்லை.

போன ஞாயிறு கரண்ட் நின்றது.
மைக் இல்லை, ஓகன் இல்லை.
குரல்கள் தனித்தனியாக, உடுப்பில்லாமல் கேட்டன.
என் வரியில் நான் மூடினேன்.
நாங்கள் மன்னிப்பதுபோல என்று
கில்பேட்டின் அடைத்த தொண்டை சொல்லி முடித்தது.
அதோடு நின்றது.
எங்கள் குற்றங்களை மன்னியும்:
அது அவனிடமிருந்து வரவில்லை.
நான் சொன்னேன். என் குரல் எனக்கே பெரிசாகக் கேட்டது.
அவன் முதுகு அசையவில்லை.
சட்டையில் ஊசி.

இரக்கம் வந்தது என்று எழுத ஆசைதான்.
கோபம்தான் வந்தது.
வாய் மூடி நிற்பது எனக்கென்று மிஞ்சிய ஒரேயொரு காணி.
வேலியைப் பிய்த்துக்கொண்டு
அதற்குள்ளும் வந்து நிற்கிறானா?
சமாதானம் சொல்கிற நேரம்
பின்னால் திரும்பி
நேவிஸ் மாமிக்கு மட்டும் கைகூப்பினேன்.

திங்கள், நாலாவது கூடை.
நீலக் கொப்பி ஞாபகம் வந்தது,
‘ற்’க்கு மேல் நான் வைத்த புள்ளி,
வடிவாக, வட்டமாக.
நண்டு முள் பெருவிரலில் ஏறியது.
சதையில் இரத்தம் படாமல் கையை எடுத்து
உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தேன்:
எங்களுக்கு.
அதற்கு மேல் போகவில்லை.
எனக்கு என்று சொல்ல விடாதாம் இந்த மந்திரம்.
எங்களுக்கு என்று வாய் திறந்தால்
மூன்று வாங்கும் மடித்த சட்டைக் கையும்
கூடவே உள்ளே வருகின்றன.

தராசுக்காரப் பெட்டை மேசையைத் தட்டினாள்.
விரலைச் சூப்பிவிட்டு
அடுத்த நண்டை எடுத்தேன்.